இதரக் கட்டடங்கள்: 26

மூடப்பட்ட மனநல மருத்துவமனை வளாகங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் சுகாதாரத் துறையினருக்கும், உள்ளாட்சி மன்றங்களுக்கும், அந்த நிலங்களை வாங்கிப் போட்டிருக்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

பழைய கட்டடங்களைச் சுற்றிப் பார்த்து அவற்றின் நிலையை அறிக்கையாக எழுதிக் கொடுப்பது என் தொழில். பல வருடங்களுக்கு முன், உங்களைப் போன்ற ஒருவர் கேட்டுக்கொண்டதால் ஒரு வளாகத்தைப் பார்க்கப் போனேன். மருத்துவமனை மூடிப் பத்து வருடம் ஆகியிருந்தது. 80 பக்க அறிக்கை கொடுத்தேன். முதன்மைக் கட்டடத்துக்கு மட்டும் 50 பக்கம். தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்துக்கு நான்கு பக்கம். கோபுரத்தின் மேலிருந்த காற்றுத் திசைகாட்டிக்கு ஒரு தனிப் படம்கூட உண்டு. கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை, அதில் ஒரு வரி: "இதரக் கட்டடங்கள்: 26. நிலை: மோசம்."

அந்த 26 கட்டடங்களும், மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தோடு இருந்த வீடுகள்.

அவற்றில் நான்கின் உள்ளேதான் போனேன். மற்றவற்றைச் சாலையில் நின்றபடியே பார்த்து எழுதிவிட்டேன். மழை பெய்தது, இருட்டிவிட்டது என்றெல்லாம் காரணம் சொல்லலாம். உண்மையில், அந்த வீடுகளைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. அவ்வளவுதான். அடுத்த சில வருடங்களில் அந்த ஒற்றை வரியைக் காட்டியே 26 வீடுகளையும் இடித்துத் தள்ளினார்கள். முதன்மைக் கட்டடம் இன்னும் நிற்கிறது, காலியாக.

உள்ளே போன நான்கில் ஒரு வீடு மறக்கவில்லை. வரிசை வீடுகளில் கடைசி. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. கதவு ஓதம் ஏறி வீங்கியிருந்ததால் தோளால் முட்டித்தான் திறக்க முடிந்தது. கதவுக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி, என் தலைக்கு மேலே ஓரடி உயரத்தில். சட்டை மாட்ட யாரும் அவ்வளவு உயரத்தில் ஆணி அடிக்க மாட்டார்கள். மாடியில் பின்பக்க அறையின் ஜன்னல் முழுக்கப் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. ஓரங்களில் பசை காய்ந்து தாள் சுருண்டிருந்தது. நடுவில் ஒரு கிழிசல். அதையும் இன்னொரு துண்டுத் தாளால் கவனமாக அடைத்திருந்தார்கள். ஆள் இல்லாத வீட்டில் புகுந்தவர் எவரோ செய்த வேலை என்று குறிப்பெடுத்துக்கொண்டேன்.

அங்கே நெடுங்காலம் வார்டில் வேலை பார்த்த ஓர் அம்மாவிடம் பிறகு இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "தம்பி, நைட் டியூட்டி முடிச்சுட்டு வர்றவங்க பகல்ல தூங்க வேண்டாமா?" என்றார். ஆணி எதற்கு என்பதையும் அவர்தான் சொன்னார். வார்டுச் சாவிக் கொத்துக்கு. வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது. அந்தச் சாவி தொலைந்தால் வெறும் திட்டோடு போகாது, ஒரு பகுதியின் பூட்டுகள் அத்தனையையும் மாற்ற வேண்டி வரும்.

அந்த வீட்டில் இன்னொன்றையும் பார்த்தேன். வாசல் கேட், சமையலறை அலமாரி, கொல்லைக் கதவு, ஒரு பிள்ளையின் மர ஊஞ்சல், எல்லாம் ஒரே வெளிர்பச்சை. அதே பச்சைதான் வார்டுச் சுவர்களிலும். ஸ்டோரில் மிச்சமான பெயின்ட் எங்கே போயிற்று என்று யாரும் தேடியிருக்க மாட்டார்கள். வேலையை வாசலோடு விட்டுவிட்டு வீட்டுக்குள் போக முடியாத வாழ்க்கை அது. அதை 80 பக்க அறிக்கையில் எங்கேயும் நான் எழுதவில்லை.

நீங்கள் கையில் வைத்திருக்கும் கோப்புகளும் பெரும்பாலும் என்னுடையதைப் போலத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அதனால்தான் இந்த மடல்.

வீடுகள் எப்படி வந்தன என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். முதலில் வீடுகளே இல்லை. அமெரிக்காவில் தாமஸ் ஸ்டோரி கர்க்பிரைடு என்ற மருத்துவர் 1854-ல் வெளியிட்ட நூல்தான் அந்நாட்டு மனநல மருத்துவமனைகளுக்கு அச்சு மாதிரி ஆனது. நடுவில் நிர்வாகக் கட்டடம், இரு பக்கமும் படிப்படியாகப் பின்வாங்கும் சிறகுகள். நடுக் கட்டடத்தில் கண்காணிப்பாளர் குடும்பத்தோடு இருப்பார். வார்டு பணியாளர்களுக்கு வார்டிலேயே அறை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொரு கவுண்டியும், அதாவது மாவட்டமும், மனநலக் காப்பகம் கட்டியே தீர வேண்டும் என்று 1845-ல் சட்டம் வந்தது. அங்கும் ஆரம்பத்தில் வேலைக்காரர்கள் நோயாளிகளோடுதான் கிடந்தார்கள். இரவும் பகலும் அதே கூரை, அதே மணியோசை. மணமான பெண் நர்சாகத் தொடர முடியாது என்ற விதி பல இடங்களில் நெடுநாள் இருந்தது. ஆண் பணியாளருக்குக் கல்யாணம் ஆனாலும் வெளியே தங்க அனுமதி வாங்க வேண்டும்.

இப்படி இருந்தால் யார் தங்குவார்கள்? வருவார்கள், சில மாதம் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ஆள் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வரிசை வீடுகளும் நர்சுகள் விடுதிகளும் எழுந்தன. இன்னொரு காரணம் நெருப்பு. லண்டனின் கோல்னி ஹாட்ச் காப்பகத்தில் 1903 ஜனவரியில் தீப்பிடித்து 50-க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும் இடம், தீயணைப்பு வண்டி வந்து சேர நேரமாகும். ஆகவே, மணி அடித்தால் ஓடிவரும் தூரத்தில் ஆட்கள் குடியிருக்க வேண்டும். பல காப்பகங்களில் தீயணைப்புப் படையே வார்டு பணியாளர்கள்தான்.

வளாக வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு வீடுகளை மட்டும் பாருங்கள். யார் யாருக்கு மேல் என்பது அப்படியே தெரியும். கண்காணிப்பாளருக்கு மரம் சூழ்ந்த தனி வீடு, முன்வாசல் சாலையைப் பார்த்தபடி. மருத்துவர்களுக்கு இரட்டை வீடுகள். நர்சுகளுக்கு ஒரு பெரிய விடுதி, வாசலில் யார் எப்போது வந்தார்கள் என்று எழுத ஒரு மேசை. வார்டு பணியாளர்களுக்கு வரிசை வீடு, பெரும்பாலும் சலவைக் கூடத்துக்கும் பாய்லர் புகைபோக்கிக்கும் பக்கத்தில். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கரி அவர்கள் வீட்டுத் துணியில்தான் விழுந்திருக்கும். பண்ணை மேற்பார்வையாளருக்குத் தொழுவத்தின் அருகில் ஒரு வீடு, காவலாளிக்கு கேட்டை ஒட்டி ஒரு வீடு. முதன்மைக் கட்டடத்தின் முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் இதைச் சொல்லாது. அது வெளியாட்களுக்குக் காட்டக் கட்டிய முகம்.

வீட்டைக் கொடுத்தவர்களுக்கு அதில் ஒரு வசதியும் இருந்தது. வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் இருப்பவர் எதிர்த்துப் பேச நூறு முறை யோசிப்பார். அதையும் மீறிப் பேசினார்கள். பிரிட்டனில் காப்பகப் பணியாளர்களுக்கென்று ஒரு தேசியத் தொழிற்சங்கம் 1910-ல் உருவானது. நாட்டிங்ஹாம்ஷயரின் ராட்கிளிஃப் காப்பகத்தில் 1922-ல் வேலைநிறுத்தம் நடந்தபோது பெண் பணியாளர்கள் வார்டுக்குள் இருந்தபடியே கதவுகளை அடைத்துக்கொண்டார்கள். போலீசும் அமீனாக்களும் உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நோயாளிகளில் சிலரும் பணியாளர்களின் பக்கம் நின்றார்கள் என்பது அந்தச் சம்பவத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

எல்லாமே சண்டையும் சோகமும் இல்லை. வூஸ்டர் நகருக்கு அருகே பவிக் காப்பகத்தில் பணியாளர்களைக் கொண்ட ஒரு இசைக்குழு இருந்தது. நோயாளிகளின் நடன மாலைகளுக்கு வாசிப்பார்கள். 1879-லிருந்து 1884 வரை அந்தக் குழுவை நடத்திய இளைஞர் எட்வர்டு எல்கர், பின்னாளில் பெரிய இசையமைப்பாளர். பகலில் வார்டைப் பார்த்துக்கொண்டு மாலையில் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனவர்களின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

நியூயார்க் மாநிலத்தின் வில்லார்டு மருத்துவமனை 1995-ல் மூடப்பட்டபோது, ஒரு கட்டடத்தின் பரண் அறையில் நோயாளிகள் கொண்டுவந்த 400-க்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடைத்தன. பூட்டுவதற்கு முன் அங்கே வேலை பார்த்தவர்கள் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்ததால் கிடைத்தன. அவை இன்று அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. அவற்றின் வழியாகப் பலரின் வாழ்க்கை திரும்ப வெளிச்சத்துக்கு வந்தது. பணியாளர் வீடுகளில் அப்படி ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கும் வழக்கமே இல்லை. டியூட்டி அட்டவணையும், சீருடைப் பித்தானும், சங்கத் துண்டறிக்கையும் கூரையோடு சேர்ந்து மண்ணாகின்றன. அந்த நான்கு வீடுகளில் நானும் எதையும் எடுத்துப் பார்க்கவில்லை.

சரி, வளாகங்கள் காலியான கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், நீளமாகச் சொல்லப் போவதில்லை. 1950-களின் நடுவில் அமெரிக்க மாநில மனநல மருத்துவமனைகளில் 5.5 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். நியூயார்க்கில் பில்கிரிம் என்ற ஒரே மருத்துவமனையில் மட்டும் 1954-ல் 13,875 நோயாளிகள். 1952-லிருந்து குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்து புழக்கத்துக்கு வந்தது. 1961-ல் பிரிட்டனின் சுகாதார அமைச்சர் இனாக் பவல், தண்ணீர்க் கோபுரங்கள் தலைதூக்கி நிற்கும் இந்தக் கட்டடங்களை எல்லாம் மூடியாக வேண்டும் என்று பேசினார். 1963-ல் அமெரிக்காவில் சமூக மனநல மையங்களுக்கான சட்டம், 1978-ல் இத்தாலியில் மனநல மருத்துவர் பிராங்கோ பசாலியாவின் பெயரால் அழைக்கப்படும், மனநல மருத்துவமனைகளை மூட வழி செய்த 180-ம் எண் சட்டம். மூடியது சரிதான். வார்டுகளில் நடந்த கொடுமைகளைப் படித்த எவருக்கும் அதில் சந்தேகம் வராது. வெளியே வந்தவர்களுக்குப் போதுமான வீடும் கவனிப்பும் கிடைத்ததா என்பது வேறு கதை, அதை இன்னொரு மடலில்தான் எழுத வேண்டும்.

மூடும்போது ஒரு வரிசை உண்டு. முதலில் வார்டுகள் காலியாகும். அலுவலகம் கொஞ்ச நாள் ஓடும். பணியாளர் வீடுகளில் கடைசி வரை ஆள் இருப்பார்கள். கணவரோ மனைவியோ ஓய்வு பெறும் வரை, பிள்ளையின் படிப்பு முடியும் வரை என்று தள்ளித் தள்ளி இருந்துவிட்டு, ஒரு நாள் கடிதம் வரும், போவார்கள். அதாவது வளாகத்திலேயே கடைசியாகக் காலியாகும் கட்டடங்கள் இவை. காலியாகும் அன்று நல்ல நிலையில் இருப்பவையும் இவைதான். அப்படி இருந்தும் சில வருடங்களில் இவைதான் முதலில் விழுகின்றன. ஏன்?

முதல் காரணம் பாய்லர். வளாகம் முழுவதற்கும் ஒரே பாய்லர் வீடு, தரைக்கு அடியில் சுரங்கம் போல ஓடும் நீராவிக் குழாய்கள். வீடுகளில் பலவும் அந்தக் குழாயில்தான் சூடாகின. பாய்லரை நிறுத்திய நாளிலிருந்து சுவர்கள் குளிர்ந்து ஈரம் பிடிக்க ஆரம்பிக்கும். உறைபனி விழும் இடமாக இருந்தால், வடிக்காமல் விட்ட தண்ணீர்க் குழாய் முதல் குளிர்காலத்திலேயே வெடிக்கும்.

இரண்டாவது, கூரையோரத்து மழைநீர்க் குழாய். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று என்னோடு வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். பரவாயில்லை. ஒரு பிடி இலை குழாயின் வாயில் அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் நிரம்பிச் சுவர்ப் பக்கமாக வழிகிறது. பழைய செங்கல் சுவர்களின் சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கும், வெயிலும் காற்றும் பட்டால் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் நாள்தோறும் ஒரே இடத்தில் வழிந்தால் திருப்பிக் கொடுக்க அவகாசமே கிடைக்காது. சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் நுனி ஊறுகிறது, உளுக்கிறது. கீழே நின்று பார்த்தால் சுவரில் ஒரு பச்சைப் பாசிக் கோடு மட்டும் தெரியும். உள்ளே போனால் மாடித் தரை காலடியில் மெத்தென்று அமுங்கும். ஆள் குடியிருக்கும் வீட்டில் இது நடக்காது, சுவரில் கறை வந்ததுமே யாராவது ஏணியை எடுத்துவிடுவார்கள். வீடு வயதாகி விழவில்லை. அந்தப் பிடி இலையை எடுத்துப்போட ஆள் இல்லாமல்தான் விழுந்தது.

மூன்றாவது, நீங்கள் அடிக்கும் பலகை. வீட்டைக் காலி செய்ததும் பாதுகாப்புக்காக ஜன்னல், கதவு எல்லாவற்றையும் பிளைவுட்டால் இறுக மூடிவிடுகிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் காற்றோட்டம் இல்லாமல் மூடினால் உள்ளே தேங்கும் ஈரத்துக்கு வெளியேற வழி கிடையாது, பூஞ்சணம் ஒரே வருடத்தில் சுவரெல்லாம் ஏறிவிடும். அமெரிக்காவின் தேசியப் பூங்காத் துறை, பழைய கட்டடங்களைத் தற்காலிகமாக மூடி வைப்பது எப்படி என்று 1993-ல் ஒரு கையேடு வெளியிட்டது. அதன் 31-ம் எண் கையேடு அது. பலகையில் காற்றுத் திறப்பு வையுங்கள், கூரையையும் நீர் வழிகளையும் சரிசெய்யுங்கள், குறித்த இடைவெளியில் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவர ஏற்பாடு செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம். இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை.

நான்காவது காரணம் மண்ணிலோ மழையிலோ இல்லை, உங்கள் மேசையில் இருக்கிறது. வளாகம் முழுவதும் ஒரே சொத்து, ஒரே கோப்பு, ஒரே டெண்டர். முதன்மைக் கட்டடத்தை என்ன செய்வது என்று முடிவாகும் வரை வேறு எதையும் தொடுவதில்லை. அந்த முடிவு எப்போது வரும்?

வந்த இடங்களைப் பார்ப்போம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் டான்வர்ஸ் மருத்துவமனை 1992-ல் மூடப்பட்டது. 2006-ல்தான் வேலை தொடங்கியது, அதுவும் பெரும்பகுதியை இடித்து, நடுவில் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு அடுக்ககம் கட்ட. நியூ ஜெர்சியின் கிரேஸ்டோன் பார்க் மருத்துவமனையில் காப்பாற்றக் கோரியவர்களின் போராட்டத்துக்குப் பிறகும் முதன்மைக் கட்டடம் 2015-ல் தரைமட்டமானது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் மருத்துவமனையின் இரட்டைக் கோபுரக் கட்டடத்தை விட்டு நோயாளிகள் 1970-களின் நடுவில் வெளியேறினார்கள். அது ஓட்டலாகத் திறந்தது 2017-ல். நாற்பது வருடத்துக்கு மேல்! அழகாகச் செய்திருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்பது வருடம் எந்தச் சாதாரண ஓட்டு வீடு தாங்கும்?

முதன்மைக் கட்டடம் உண்மையிலேயே கஷ்டம். நீண்ட நடைகூடங்கள், அகலமான சுவர்கள், சின்னச் சின்ன அறைகள், ஆயிரக்கணக்கான பேருக்கான அளவு. அதற்குப் புதிய வேலை தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தலைமுறை மாறிவிடும். வரிசை வீட்டுக்கு அப்படி எதையும் தேட வேண்டியதில்லை. அது வீடு. வீடாகக் கட்டியது, வீடாக இருந்தது. ஒரு குடும்பம், ஒரு பூட்டு, ஒரு மின் இணைப்பு, இவ்வளவுதான் அது கேட்பது. எளிதாகத் தீரக்கூடிய ஒன்றை, தீராத ஒன்றோடு கட்டிப்போட்டு இரண்டையும் மூழ்கடிக்கிறோம். என் கோரிக்கை இதுதான்: வீடுகளை அந்தக் கோப்பிலிருந்து பிரித்தெடுங்கள்.

உடனே வரும் பதில்கள் எனக்குத் தெரியும், கூட்டங்களில் கேட்டுப் பழகிவிட்டது.

ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்பீர்கள். இருக்கும். ஈயம் கலந்த பெயின்டும் இருக்கும், அந்த வெளிர்பச்சையே அதுவாக இருந்திருக்கலாம். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் வீட்டைப் புல்டோசர் விட்டு அப்படியே உடைக்கவும் முடியாது. இடிப்பதற்கு முன்பும் அதை முறைப்படி அகற்றியாக வேண்டும். அந்தச் செலவு இரண்டு பக்கமும் வரும் செலவு, ஒரு பக்கத்தில் மட்டும் எழுதிக் காட்டாதீர்கள்.

தண்ணீரும் மின்சாரமும் பொதுவாக ஒரே இணைப்பு, பிரிப்பது சிரமம் என்பீர்கள். இது நியாயமான பேச்சு. வளாகத்துச் சாலையும் சாக்கடையும் யாருடையது என்பதும் தலைவலிதான். ஆனால் அந்த வேலையை என்றைக்கு நிலத்தை விற்றாலும் செய்துதான் ஆக வேண்டும். வீடுகள் பெரும்பாலும் வளாகத்தின் விளிம்பில், பொதுச் சாலையை ஒட்டி இருக்கின்றன. ஓரத்திலிருந்து பிரித்துக்கொண்டு வருவது, நடுவிலிருந்து பிரிப்பதைவிடச் சுலபம்.

இவை பாரம்பரியப் பட்டியலில் இல்லையே என்பீர்கள். சில இடங்களில் இருக்கின்றன, உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். இங்கிலாந்துச் சட்டப்படி, பட்டியலிட்ட கட்டடத்தின் சூழ்நிலத்துக்குள் அதைச் சார்ந்து 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிற்கும் கட்டடங்களும் அதன் பகுதியாகவே கருதப்படும். மற்ற நாடுகளில் அப்படி ஒரு குடை இல்லாத இடங்களில், பட்டியல் என்பது கோபுரத்துக்கு மட்டும்தான். சட்டம் மட்டும் இருந்தாலும் போதாது. சிட்னியின் கேலன் பார்க் மனநல மருத்துவமனை நிலத்தை விற்கவிடாமல் காக்க 2002-ல் தனிச் சட்டமே போட்டார்கள். நிலம் பிழைத்தது, பொதுமக்கள் நடக்கும் பூங்காவாக இருக்கிறது. ஆனால் அங்கிருந்த கட்டடங்களில் பல அதற்குப் பிறகும் காலியாகவே கிடந்து பழுதாகின.

அப்புறம், யாரும் வெளிப்படையாகச் சொல்லாத ஒரு பதில் உண்டு. "அந்த இடத்தில் யார் குடியிருப்பார்கள்?" என்பது. இதற்கு அடியில் இருப்பது பேய்ப் பயமும் இல்லை, நோயாளிகளைப் பற்றிய பழைய அருவருப்பு. இரவில் மொபைலை எடுத்துக்கொண்டு வேலி தாண்டி வந்து, வார்டு பணியாளரின் சமையலறையில் நின்று "இங்கேதான் சித்திரவதை நடந்தது" என்று கிசுகிசுக்கும் பையன்கள் அதைத்தான் விற்கிறார்கள். நியூசிலாந்தின் கிங்ஸீட் மருத்துவமனை 1999-ல் மூடிய பிறகு, அதன் பழைய நர்சுகள் விடுதி கட்டணம் வாங்கிக்கொண்டு பயமுறுத்தும் பேய் மாளிகை ஆனது. பகல் முழுக்க நின்று கால் வலித்தவர்கள் ஷூவைக் கழற்றிய இடம் அது. எனக்கு அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் அவர்களைத் திட்டியும் பயனில்லை, நீங்கள் காலியாக விட்ட இடத்துக்குத்தான் அவர்கள் வருகிறார்கள். விளக்கு எரியும் வீட்டுக்குள் யாரும் பேய் தேடிப் போவதில்லை.

யார் குடியிருப்பார்கள் என்ற கேள்விக்கு இத்தாலியின் ட்ரியெஸ்டே வேறு மாதிரி பதில் சொன்னது. பசாலியா 1971-ல் அங்கே பொறுப்பேற்ற பிறகு சான் ஜொவானி மருத்துவமனையின் கதவுகள் திறந்தன. முன்பு நோயாளிகளாக இருந்தவர்களில் சிலர் அதே வளாகத்தின் கட்டடங்களில் குடியிருப்போராகத் தங்கினார்கள். வார்டில் இல்லை, சாவி தங்கள் கையில் இருக்கும் வீடுகளில். இன்று அந்த மலைச்சரிவில் பல்கலைக்கழகத் துறைகளும், சுகாதார அலுவலகங்களும், ஒரு ரோஜாத் தோட்டமும் இருக்கின்றன. யாரும் உள்ளே நடந்து போகலாம். மிச்சிகனின் ட்ராவர்ஸ் சிட்டியில் 1989-ல் மூடிய மருத்துவமனையும் கடைகளும் வீடுகளும் உள்ள பகுதியாக மாறியது. ஒவ்வொரு கட்டடமாக, பகுதி பகுதியாகப் பிடித்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஒரே முதலீட்டாளர் வருவார் என்று காத்திருக்கவில்லை.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த வீடுகளை நேரே மனநலப் பராமரிப்பு இல்லங்களாக மாற்றிவிடலாம் என்று ஒரு சுலப யோசனை எல்லாக் கூட்டத்திலும் வரும். வார்டில் அடைபட்டுக் கிடந்தவரை மறுபடி அதே கேட்டுக்குள் கொண்டுவந்து வைப்பதற்கு முன், அவரிடம் கேளுங்கள். சிலர் மாட்டேன் என்பார்கள், சிலர் எனக்குத் தெரிந்த இடம் இது ஒன்றுதான் என்பார்கள். இரண்டுமே அவர்கள் சொல்ல வேண்டிய பதில். யாருக்கு வீடு இல்லையோ அவருக்கு வாடகைக்குக் கொடுங்கள், அந்த வட்டாரத்து நர்சுகளுக்குக் கொடுங்கள், விற்கவே வேண்டுமென்றால் ஒவ்வொரு வீடாக விற்றுவிடுங்கள். எனக்கு அதில் பெரிய பிடிவாதம் இல்லை. நெதர்லாந்தில் காலிக் கட்டடங்களில் குறைந்த வாடகைக்குத் தற்காலிகமாக ஆட்களைத் தங்கவைக்கும் முறை உண்டு. தங்குபவர்களுக்கு உரிமை குறைவு என்பதால் அதற்கு எதிர்ப்பும் உண்டு, அந்த எதிர்ப்பில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் உங்கள் கோப்பு நகரும் வரையில் கூரையைக் காப்பாற்ற அப்படியாவது ஒரு வழி யோசிக்கலாம்.

எல்லா வீட்டையும் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. 15 வருடம் கூரை திறந்து கிடந்த வீட்டுக்குள் மரம் வளர்ந்திருந்தால், இடிப்பதே மரியாதை. ஆனால் இடிப்பதற்கு முன் எண்ணுங்கள். வீட்டுக்கு வீடு உள்ளே ஆளை அனுப்பி, படமெடுத்து, எது நிற்கும் எது நிற்காது என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். என்னைப் போன்ற ஒருவரை நியமிக்கும்போது, அந்த வேலைப் பட்டியலில் வீடுகளை வரிசை எண்ணோடு சேருங்கள். சேர்க்காவிட்டால் நாங்கள் போக மாட்டோம், மழை பெய்கிறது என்போம். அங்கே குடியிருந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களையும் ஒரு முறை அழைத்துக்கொண்டு போங்கள். ஆணி எதற்கு என்று நம் அறிக்கைகளுக்குத் தெரியாது.

அண்மையில் இன்னொரு வளாகத்துக்குப் போயிருந்தேன். அதே மாதிரி வரிசை வீடுகள், அதே மாதிரி வேலைப் பட்டியல். வீடுகளைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இம்முறை கூலி இல்லாமல் இரண்டு நாள் அதிகம் தங்கி 14 வீடுகளுக்குள்ளும் போய்வந்தேன். மூன்று போய்விட்டன. இரண்டு கஷ்டம். மீதி ஒன்பதைக் காப்பாற்றலாம். "இதரக் கட்டடங்கள்" என்ற தலைப்பை எடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு பக்கம் எழுதினேன். உங்களில் ஒருவரின் மேசையில்தான் அது இப்போது இருக்கிறது. நேரமில்லை என்றால் 11-ம் பக்கத்தை மட்டுமாவது பாருங்கள்:

"வீடு 11. கூரை ஓடு ஆறு நகர்ந்திருக்கிறது. வடக்குப் பக்க மழைநீர்க் குழாய் அடைப்பு. உத்திரங்கள் உறுதி. மாடிப் பின்னறை ஜன்னலில் பழுப்புத் தாள், அகற்ற வேண்டாம். ஏணியும் இரண்டு ஆட்களும் இருந்தால் ஒரு நாள் வேலை. மழைக்கு முன் செய்ய வேண்டும்."

இப்படிக்கு,
முன்பு அந்த ஒரு வரியை எழுதியவன்